பழைய வண்ணாரப்பேட்டையில் நான்கு ஆண்டுகள்: வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு ஒரு தெருவில் குடியிருப்பது

சுங்கைப்பட்டாணிக்காரி
9 நவம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியக் குடிமகள். கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணியில் பிறந்து வளர்ந்தேன். திருநெல்வேலிக்காரர் ஒருவரை மணந்து, அவருக்குத் துறைமுகம் சார்ந்த வேலை கிடைத்ததால் 2021ஆம் ஆண்டின் இறுதியில் பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்தோம். மூன்று குடித்தனங்கள் உள்ள வீட்டில் மாடியில் இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார்; எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறார்.

வரும் தை மாதத்தோடு எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. கடந்த செப்டம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தைப் பற்றி எங்கோ படித்த மகன், வெளிநாட்டவருக்கு வீடு கொடுத்தால் வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா இதை என்னிடம் நேரில் சொல்லவில்லை. பக்கத்துக் குடித்தனத்துப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. வீடு மாற வேண்டுமே என்பதைவிட அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

வந்த புதிதில் இந்தத் தெருவின் மொழியே எனக்குப் பாதி புரியவில்லை. எங்கள் ஊரில் காலையில் ஒருவரைப் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்போம். இங்கே நான் அப்படிக் கேட்டபோது, ஏதோ பட்டினி கிடந்தவரிடம் விசாரிப்பதைப் போலப் பார்த்தார்கள். அவர்கள் "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டபோது நான் விழித்தேன். சாலையை நான் "சடக்கு" என்று சொன்னால் பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். வயதில் சிறியவர்கள்கூட "நீ", "வா", "போ" என்று பேசியது முதல் சில மாதங்கள் எனக்குக் கசந்தது. அது மரியாதைக் குறைவு அல்ல, என்னை விருந்தாளியாக வைத்துப் பேசவில்லை என்பதன் அடையாளம் என்று பிறகுதான் உணர்ந்தேன்.

அந்த முதல் ஆண்டில் வாசல் அடிபம்பில்தான் தண்ணீர் பிடித்தேன். விடியற்காலையில் மெட்ரோ வாட்டர் வரும் நேரத்துக்கு முன்பே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். ஆள் இல்லாவிட்டாலும் குடம் நின்றால் ஆள் நிற்பதற்குச் சமம் என்பதும், அடுத்தவர் குடத்தை நகர்த்தலாம், ஆனால் அதன் முறையை மாற்றக்கூடாது என்பதும் நான் அங்கே கற்றவை. எங்கள் ஊர்த் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே பல ஆண்டுகள் இருந்துவிடலாம். இங்கே ஒரு வாரத்தில் பதினைந்து வீடுகளின் பெயர்கள் தெரிந்தன. பிறகு நாங்கள் கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கிவிட்டோம்.

என் கேள்விகள் இரண்டு. இந்தச் சட்டத்தைப் பற்றி வீட்டுக்கார அம்மாவின் மகனுக்கு நான் எப்படி விளக்குவது? இரண்டாவது, நான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்த பிறகும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பரிந்து பேச இந்தத் தெருவில் ஒருவரும் முன்வரவில்லை என்றால், நான் எதில் தவறினேன்?

தண்டையார்பேட்டை வீட்டுக்காரர்
9 நவம்பர் 2025

சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். 2023இல் குழந்தையின் சிகிச்சைக்காக வந்த ஓர் இலங்கைக் குடும்பத்துக்கு எட்டு மாதம் என் வீட்டின் பின்பகுதியை வாடகைக்குக் கொடுத்திருந்தேன். எனக்கும் அன்று அதே பயம் இருந்தது.

மகன் நினைப்பதைப் போல இது முற்றிலும் புதிய கடமை அல்ல. வெளிநாட்டவருக்குத் தங்க இடம் கொடுப்பவர் அந்த விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்திலேயே இருந்தது. அந்தச் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு ஒரே சட்டமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், கடமை தொடர்கிறது. எல்லோரும் "சி படிவம்" என்று சொல்வது இதைத்தான். வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் அதைப் பதிய வேண்டும். முதலில் வீட்டுக்காரர் தம் அடையாளச் சான்றையும் முகவரியையும் கொடுத்துத் தமக்கென ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். பிறகு குடியிருப்பவரின் கடவுச்சீட்டு எண், விசா எண், இந்தியாவுக்கு வந்த தேதி, புகைப்படம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். எனக்கு அரை மணி நேரம் ஆனது. கட்டணம் எதுவும் நான் கட்டவில்லை. கடைசியில் வரும் தாளை அச்செடுத்து ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர்கள் பயப்படுவது படிவத்துக்கு அல்ல, காவல் நிலையம் என்ற சொல்லுக்கு. எழுபது வயதான ஒரு பெண்மணியிடம் "உங்கள் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும், உங்கள் அடையாள அட்டையைக் கொடுங்கள்" என்று சொன்னால், யார்தான் உடனே எடுத்துக் கொடுப்பார்? உங்களுக்கு முதன்முதலில் இந்தப் படிவத்தை யார் நிரப்பினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவேளை அந்த அம்மாவின் கைபேசியை வாங்கி உங்கள் கணவரே எல்லாவற்றையும் செய்து முடித்திருப்பார். அப்படியானால், தாம் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பது அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

சுங்கைப்பட்டாணிக்காரி
10 நவம்பர் 2025

ஐயா, நீங்கள் நேரில் பார்த்ததைப் போல எழுதியிருக்கிறீர்கள். என் கணவர்தான் நிரப்பினார். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்பதால் வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் நான் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு வாடகை ஒப்பந்தமும் இந்தப் படிவமும் தேவைப்பட்டன. அவசரத்தில் அந்த அம்மாவின் கைபேசிக்கு வந்த எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

ராயபுரம் ஓய்வாசிரியர்
10 நவம்பர் 2025

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வியை ஒட்டி ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து தெற்கே நடந்து பாரிமுனைப் பக்கம் போனால் ஆர்மீனியன் தெரு வரும். அங்கே 1772இல் கட்டப்பட்ட ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. ஆர்மீனிய மொழியில் உலகிலேயே முதலில் வெளிவந்த இதழான அஸ்தரார் 1794இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அவர்கள் ஈரானிலிருந்து வந்து இங்கே தங்கி வணிகம் செய்தவர்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிய கோஜா பெட்ரஸ் உஸ்கான் அவர்களுள் ஒருவர். ஆனால் நம் மக்கள் அந்தத் தெருவை அழைத்த பெயர் என்ன தெரியுமா? அரண்மனைக்காரன் தெரு. "ஆர்மீனியன்" என்ற சொல் நாவுக்கு வசப்படவில்லை. தமக்குத் தெரிந்த ஒரு சொல்லை அதன் மேல் வைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளியிருக்கும் பவளக்காரத் தெருவில் பவள வணிகம் செய்த யூதர்கள் ஒரு காலத்தில் குடியிருந்தார்கள். எங்கள் ராயபுரத்தின் பெயரே இராயப்பர் என்று தமிழில் வழங்கும் புனித பேதுருவின் பெயரால் அமைந்தது.

கடல் வழியாக வந்தவர்களுக்கு இடம் கொடுத்துப் பழகிய பகுதி இது. ஒருவரும் பரிந்து பேசவில்லை என்று நீங்கள் சொல்வதை அவர்களுடைய மனத்தின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

பெரம்பூர் வாசகன்
10 நவம்பர் 2025

ஆசிரியர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆர்மீனியர்களும் யூதர்களும் பணக்கார வணிகர்கள். வாடகை வீட்டில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் அல்லர். பழம்பெருமையை வைத்து இன்றைய வாடகைதாரருக்கு ஆறுதல் சொல்ல முடியாது.

எங்கள் தெருவில் இரவுக் காவலுக்கு வரும் நேப்பாளக்காரர் ஒருவர் பல ஆண்டுகளாக அருகிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவரும் வெளிநாட்டவர்தான். ஆனால் 1950ஆம் ஆண்டின் இந்திய-நேப்பாள உடன்படிக்கையால் அவருக்கு விசா தேவையில்லை. அவருக்கு அறை கொடுத்தவருக்கு இந்தப் பயம் எதுவும் வந்ததில்லை. மாதம் பிறந்தால் அவர் வீடு வீடாக வந்து பணம் வாங்குவார்; எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். தமிழே சரியாகப் பேசாத அவரைத் தெரு தன்னுடையவராக வைத்திருக்கிறது. தமிழ் பேசும் இந்தச் சகோதரியைக் கண்டு தயங்குகிறது. இது எதனால் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

எம்.சி. ரோடு மருமகள்
11 நவம்பர் 2025

எதனால் என்பதை நான் சொல்கிறேன். அக்கா, உங்களைப் புண்படுத்துவதற்காக அல்ல. உங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளிப் பிறந்து, அருகிலேயே வாழ்க்கைப்பட்டவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் முதல் பதிவில் ஒரே ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள்: பிறகு நாங்கள் கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கிவிட்டோம் என்று. அங்கேதான் விஷயம் இருக்கிறது. குடிப்பதற்குக் கேன் வாங்குவது தவறு அல்ல, நாங்களும் வாங்குகிறோம். ஆனால் பம்புக்கு நீங்கள் போவதையே நிறுத்தியிருக்கிறீர்கள். எங்கள் பகுதியில் பம்படியில் தண்ணீர் மட்டும் கிடைப்பதில்லை. யாருடைய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யாருடைய கணவர் மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை, எந்தக் கடையில் கடன் கேட்கலாம், எந்த மருத்துவர் பொறுமையாகப் பார்ப்பார், எல்லாம் அங்கேதான். 2019இல் ஏரிகள் வற்றி, சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்பதே தெரியாது. நடு இரவில் வந்தால் முதலில் விழித்தவள் எல்லா வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். தட்டாமல் விட்ட ஒரு வீட்டோடு இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் உண்டு. அந்தக் கோடையில் நீங்கள் இங்கே இல்லை, அது உங்கள் குற்றமும் அல்ல. ஆனால் கதவு தட்டிய கைகள் யாருடையவை என்பதை வைத்துத்தான் எங்கள் தெருக்காரர்கள் ஒருவரை எடைபோடுகிறார்கள்.

இன்னொன்று கேட்கிறேன். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு வசூலுக்கு வரும் பையன்கள் உங்கள் மாடிக்கு ஏறி வந்தார்களா? வசூலுக்கு வருவதை நீங்கள் தொல்லை என்று நினைத்திருக்கலாம். எங்கள் கணக்கில், பணம் கேட்டு வந்தால் அந்த வீடு சீட்டில் இருக்கிறது என்று பொருள். வராமல் போனால் அந்த வீட்டின் பெயர் சீட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

சாவு வீட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, மேளம் அடித்து, விடிய விடியக் கானா பாடுவார்கள். அந்த இரவில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தீர்களா, இறங்கி வந்து ஒரு குடம் தண்ணீராவது எடுத்துக் கொடுத்தீர்களா? பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. காபியும் டீயும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்துதான் போக வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தெரியாமல் இருந்தது தவறு இல்லை, அக்கா. கேட்காமல் இருந்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்குத் தோன்றுவது.

சுங்கைப்பட்டாணிக்காரி
13 நவம்பர் 2025

இரண்டு நாட்களாக இதற்குப் பதில் எழுத முடியாமல் இருந்தேன். நீங்கள் எழுதியது உண்மை, தங்கச்சி.

முதல் ஆண்டு ஆடியில் பையன்கள் வந்தார்கள், கொடுத்தேன். இரண்டாம் ஆண்டு வந்தபோது என் மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள்; பிறகு வாருங்கள் என்று சொன்னேன். அவர்கள் வரவில்லை, நானும் தேடிப் போய்க் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்ததாக நினைவில்லை. கூழ் ஊற்றிய அன்று பக்கத்துக் குடித்தனத்துப் பெண் ஒரு தூக்கில் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதை அன்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். வரிசையில் நின்று வாங்க வேண்டியவளுக்கு வீடு தேடி வந்தது என்றால், நான் மறுபடி விருந்தாளி ஆகிவிட்டேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பம்பை விட்டதற்குக் காரணம் உண்டு. 2022 மழைக்காலத்தில் ஒரு வாரம் குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். அந்தப் பயத்தில் குடிக்கவும் சமைக்கவும் கேன் என்று ஆனது. குளிக்கவும் துவைக்கவும் வீட்டுக் கீழ்த்தொட்டியிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றிக்கொள்கிறோம். என் பிள்ளையின் உடம்பு எனக்கு முக்கியம் என்பதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் அதே தண்ணீரைத்தான் கீழே இருக்கும் பிள்ளைகளும் குடித்தார்கள். நான் ஒருவரிடமும் "உங்கள் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது?" என்று போய்க் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரி தண்ணீரைப் பார்த்து முகம் சுளித்துவிட்டாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தால் அதில் வியப்பில்லை.

அத்தோக்கடை மகன்
13 நவம்பர் 2025

என் பெற்றோர் 1965இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள். 1962இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கிய பிறகு புறப்பட்டுவந்த பல்லாயிரம் குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது அப்படித்தான். என் தந்தை இரண்டாவது கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டியில் அத்தோ போட்டார். பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் வறுத்த வெங்காயமும் சேர்த்துக் கையால் பிசைந்து கொடுக்கும் நூடுல்ஸைச் சாப்பிட முதலில் ஆட்கள் தயங்கினார்களாம். கூடவே வாழைத்தண்டு சூப்பைச் சும்மா ஊற்றிக் கொடுத்த பிறகுதான் கூட்டம் வந்தது என்று அம்மா சொல்வார்.

நாங்கள் தாயகம் திரும்பியவர்கள். சட்டப்படி வெளிநாட்டவர் அல்ல. இருந்தும் அறுபது ஆண்டுகள் கழித்து இன்றும் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் "பர்மாக்காரர் வீடா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் பர்மாவைப் பார்த்ததே இல்லை. அந்தப் பெயர் எனக்குச் சிறு வயதில் கூச்சமாக இருந்தது. இப்போது அது எங்கள் முகவரி. சகோதரி, உங்களை "மலேசியாப் பொண்ணு" என்று அழைப்பார்கள். அதைத் திருத்த முயல வேண்டாம்.

மாதவரத்திலிருந்து
15 நவம்பர் 2025

இந்த இழையை முதல் நாளிலிருந்து படித்து வருகிறேன். எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பெற்றோர் 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர்கள். முதலில் முகாமிலும், பிறகு அனுமதி பெற்று முகாமுக்கு வெளியேயும் இருந்தோம். நான் 1991இல் ஸ்டான்லி மருத்துவமனையில் பிறந்தேன். இந்தச் சென்னையைத் தவிர வேறு ஊரில் நான் வாழ்ந்ததில்லை. நான் பேசுவதைக் கேட்டு ஒருவரும் என்னை யாழ்ப்பாணத்தான் என்று சொல்ல மாட்டார்கள். "இன்னா" என்றுதான் பேசுகிறேன். ஆனால் சட்டப்படி நான் வெளிநாட்டவன். 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி நீதிமன்றம் சென்று இந்தியக் கடவுச்சீட்டு பெற்று, 2024 தேர்தலில் வாக்களித்தார் என்ற செய்தியைப் படித்த அன்று, எனக்கும் அவருக்கும் இடையில் இருக்கும் சில ஆண்டுகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

2015 ஜனவரி 9ஆம் தேதிக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட எங்களைப் போன்ற இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்று செப்டம்பரில் அரசு ஆணை வந்தது. அது நிம்மதி தருகிறது. ஆனால் வீடு தேடிப் போகும்போது அந்த ஆணையை யாரிடம் காட்டுவது? இந்தத் தெருவுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டை வாடகைக்குப் பேசி வாங்கிக் கொடுத்தது எதிரில் இருக்கும் தையல்கடைக்காரர். "இந்தப் பையனை எனக்குத் தெரியும்" என்று ஒரே வாக்கியம் சொன்னார். இந்தியக் குடிமகன் ஒருவன் தன் அட்டையைக் காட்டிவிட்டு, பக்கத்து வீட்டாரோடு பேசாமலே காலம் தள்ளிவிடலாம். எங்களால் முடியாது. எங்களுக்கு மனிதர்கள்தான் சான்று. அதனால்தான் நான் ஒரு சாவையும் ஒரு மஞ்சள் நீராட்டையும் தவறவிட்டதில்லை. அன்பு இருந்தது, பயமும் இருந்தது; இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வழி இருக்கிறது. இந்தியக் குடியுரிமைக்கு நீங்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை?

தண்டையார்பேட்டை வீட்டுக்காரர்
15 நவம்பர் 2025

தம்பி எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. சட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு சிறு விளக்கம். இந்தியரை மணந்தவர் இங்கே ஏழு ஆண்டுகள் குடியிருந்த பிறகே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தால் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு அவர் விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் விசாவை நீட்டிக்கும் வேலையும் பதிவு செய்யும் வேலையும் இல்லை. வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பாட்டனார் இந்தியர் என்பதற்குச் சான்று இருந்தால் அந்த வழியிலும் அதைப் பெறலாம்.

எம்.சி. ரோடு மருமகள்
16 நவம்பர் 2025

அக்கா, நாளைக் காலை ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பம்படிக்குப் போங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாலும் சரி. மகனிடம் பேசுவதற்கு முன் அந்த அம்மாவிடம் பேசுங்கள். "உங்கள் மகன் இப்படிச் சொன்னாராமே" என்று தொடங்க வேண்டாம். சொன்ன பெண்ணுக்குச் சங்கடம். படிவத்தை எடுத்துக் கொண்டுபோய், "நான்கு வருடத்துக்கு முன் உங்களுக்கு விளக்காமல் செய்துவிட்டோம், மன்னிக்க வேண்டும்" என்று தொடங்குங்கள்.

சுங்கைப்பட்டாணிக்காரி
22 ஜனவரி 2026

இரண்டு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்.

பம்புக்குப் போனேன். முதல் இரண்டு நாள் யாரும் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பாட்டி, "இன்னாமே, கேன்காரன் வரலையா?" என்று கேட்டார். வருகிறான், ஆனாலும் வந்தேன் என்றேன். அவர் தம் குடத்தை நகர்த்தி இடம் விட்டார். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. இப்போது வாரத்தில் நான்கு நாட்கள் போகிறேன். மகளுக்கு இன்னும் கேன் தண்ணீர்தான். அதை மறைக்கவும் இல்லை.

வீட்டுக்கார அம்மாவிடம் நீங்கள் சொன்னபடியே தொடங்கினேன். அவர் படிவத்தை வாங்கி, தம் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "என் பேர எழுதி எனக்கே சொல்லல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எனக்கு இன்னும் கனமாக இருந்தது. மார்கழியில் மகன் வந்தபோது மூவரும் உட்கார்ந்து, கணக்கை மகனுடைய கைபேசி எண்ணுக்கு மாற்றி, எல்லா விவரங்களையும் அவர் கையாலேயே சரிபார்க்கச் செய்தோம். பதினொரு மாதம் புதுப்பித்திருக்கிறார். வாடகையைக் கூட்டினார், நியாயமான கூட்டல்தான். அடுத்த முறையும் புதுப்பிப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவருடைய பயம் முழுவதும் போய்விடவில்லை.

மாதவரம் தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு மன்னிக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் நிறைய இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன என்பது உண்மைதான், ஆனால் அது முழுப் பதில் அல்ல. என் பாட்டனார் நாமக்கல் பக்கத்திலிருந்து மலேசியாவில் கித்தாத் தோட்டத்துக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, போனவர் என்று சொல்வார்கள். அதற்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஆகவே கணவர் வழியாக அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். குடியுரிமைக்கு நான் விண்ணப்பிக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று. சுங்கைப்பட்டாணியில் என் அம்மா தனியாக இருக்கிறார். அந்தக் கடவுச்சீட்டை நான் திருப்பிக் கொடுத்துவிட்டால், என் தாய் வீட்டில் நாள் எண்ணித் தங்க வேண்டிய விருந்தாளி ஆகிவிடுவேன். உங்களுக்கு விடுவதற்குக்கூட ஒன்று கையில் தரப்படவில்லை என்பதை அறிவேன். என்னிடம் இரண்டு இருந்து நான் தயங்குகிறேன் என்று உங்களிடம் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் தாமதம்.

வீட்டுக்கார அம்மாவுக்குக் கண்ணில் புரை. நாளை மறுநாள் மருத்துவமனைக்கு நான் கூடப் போகிறேன். மகன் வர முடியாது என்று சொன்னபோது, அவரே மாடிப்படி அடியில் நின்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் அன்றைய மோட்டார் முறையைப் பக்கத்துக் குடித்தனத்துப் பெண் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மாதவரத்திலிருந்து
22 ஜனவரி 2026

பதில் எழுதியதற்கு நன்றி, அக்கா. வெட்கப்பட வேண்டாம், நானாக இருந்தாலும் அம்மா இருக்கும்வரை அதை விட்டிருக்க மாட்டேன். புரை அறுவைச் சிகிச்சை என்றால் முதல் நாளே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். அந்த அம்மா சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.